கயிற்றுக் கட்டி

ஊசிமலைத் தோட்டத்தில் எந்த நோய்க்கும் வேலைதான் பெயர் வைக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டால் அது கூடை இடுப்பு. பாதம் வெடித்தால் மலைக்கால். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சலிக்கிறவன் இருமினால் தூள் இருமல். கழுத்தில் கட்டி வந்தால் கயிற்றுக் கட்டி. கொழுந்துக் கூடையின் கயிறு நாள் முழுக்கத் தலையில் மாட்டிக் காதோரமாக இறங்கி முதுகுக்குப் போகிறது அல்லவா, அது உரசி உரசி வந்த கட்டியாம். பெயர் வைத்துவிட்டால் முடிந்தது. பிறகு யாரும் எதையும் யோசிக்க வேண்டாம், மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றால் போதும். இந்த வழக்கத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அந்தத் தோட்டத்து மருத்துவச்சி. பெயர் ராசம்மா. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து ஜனங்களுக்கு நர்ஸம்மா. ஐம்பத்தேழாம் வருஷம் நான் பார்த்த பிரசவங்களில் சண்முகவடிவுடையதும் ஒன்று. அவளுக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பெண். பிறந்ததும் லயமே கேட்கும்படி ஒரு கத்துக் கத்தியது. வடிவு அந்தக் களைப்பிலும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "குடுங்க, இங்க குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். தொப்புள் கொடியை வெட்டுவதற்குள் அவளுக்கு அவசரம். "இருடி, எங்க ஓடிறப் போகுது" என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

பிள்ளைக்கு நாலு மாதம் ஆனபோதுதான் நான் அந்தக் கட்டியைப் பார்த்தேன். பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற பெண்கள் காலையில் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி, பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். வடிவு ஓட்டமாக வந்தாள். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு குனிந்தபோது தலையை மூடியிருந்த கொங்காணித் துணி சரிந்தது. வலது காதுக்குக் கீழே ஒரு வீக்கம்.

"என்னடி இது?"

அவள் துணியை இழுத்து மூடினாள். "கயித்துக் கட்டிங்க நர்ஸம்மா. வலியே இல்ல."

"எத்தன நாளா இருக்கு?"

"வயித்துல இருக்கப்பவே சின்னதா இருந்துச்சுங்க. சுண்டக்கா அளவுக்கு."

கையை வைத்துப் பார்த்தேன். ஒன்று இல்லை, மூன்று. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சூடு இல்லை, தோல் சிவக்கவும் இல்லை. நன்றாக அமுக்கினேன், அவள் முகம் கூடச் சுளிக்கவில்லை. கயிறு உரசி வந்தது என்றால் வலித்திருக்க வேண்டாமா? அவளோ வலிக்கவில்லை என்பதையே ஒரு நல்ல செய்தியாகச் சொல்கிறாள்.

"சாயங்காலம் காய்ச்சல் கீச்சல் அடிக்குதா?"

"லேசா ஒடம்பு காயும். மழையில நனைஞ்சா யாருக்குத்தான் காயாது?"

"டாக்டரையாகிட்ட காட்டுவோம் வா."

அதைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. நீங்க கும்புடுற சாமி மேல ஆணையா வேணாம். அவரு பாட்டுக்குச் சயம்னு சொல்லிட்டா புள்ளையப் புடுங்கிருவாங்க. மேல் லயத்து அழகம்மாளுக்கு என்னா பண்ணாங்கன்னு நீங்கதான் பாத்தீங்களே."

பார்த்தேன்தான். அழகம்மாளுக்கு நெஞ்சுச் சயம், அதாவது காசநோய், வந்து அவளைத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது, பிள்ளையை ராகலையில் உறவுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் குணமாகித் திரும்பி வந்த பிறகும் அந்தப் பிள்ளை அவளிடம் வரவே இல்லை. அழகம்மாள் இரண்டு வருஷம் அழுதுவிட்டு அழுகையை நிறுத்திக்கொண்டாள். அதனால் வடிவின் பயத்தை நான் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தரதரவென்று இழுத்துக்கொண்டுதான் போனேன்.

மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் சிவசாமியைத் தோட்டம் முழுக்க டாக்டரையா என்றுதான் கூப்பிடும். கெட்டவர் இல்லை, கெட்டிக்காரரும்தான். ஆனால் ஒரு நாளைக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கூடை, மழை, அட்டை இவற்றால்தான் கோளாறு என்பதால் அவருக்கும் அந்தப் பெயர்கள் பழகிப்போய்விட்டன. கழுத்தைத் தடவிப் பார்த்தார். அயடின் பூசினார். "கயிறு அழுத்துன கட்டிதான். கொஞ்ச நாளைக்குக் கூடைய எறக்கி வையி. புல்லுவெட்டுக்குப் போடச் சொல்லிக் கணக்கப்பிள்ளைக்குத் துண்டு தர்றேன். வத்திரும்."

வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். கேஸில் ஜெயித்தவள் பார்வை. வெளியே வந்ததும், "நீங்க வேற பயமுறுத்திட்டீங்க, போங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

கூடையை இறக்கி வைத்தாள். சுரண்டியை எடுத்துக்கொண்டு புல்வெட்டுக்குப் போனாள். கயிறு அவள் தலைப்பக்கமே வரவில்லை. கட்டி மட்டும் வளர்ந்தது. தீபாவளிக்கு நெல்லிக்காய் அளவு, கார்த்திகை விளக்குக்கு எலுமிச்சங்காய் அளவு. ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. கேட்டால், "புல்லுவெட்டு கஷ்டங்க, அதான் எளச்சிட்டேன்" என்பாள். இதற்கும் வேலைதான் காரணம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் கட்டி உடைந்தது. தண்ணீராகச் சீழ் வடிந்தது, வடிந்துகொண்டே இருந்தது. சிவசாமி கழுத்துத் துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கயிறே இல்லாம வளந்திருக்கே, ராசம்மா" என்றார் மெதுவாக.

அவர் அதை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. அன்றைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வடிவின் புருஷன் அழகுமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சயக் கட்டியா இருக்கலாம். நிச்சயமாத் தெரியிற வரைக்கும் புள்ளைய தாய்கிட்ட விடாதீங்க. பாலும் வேணாம்."

ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சயம் என்ற சொல் டிஸ்பென்சரியை விட்டு வெளியே இறங்கினால் பிறகு அதற்குக் கால் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் மூன்று லயத்துக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி தன் குடத்தைப் பீலித் தண்ணீர் வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு போக அழகுமுத்துவின் அண்ணன் வீரய்யாவும் அண்ணி பேச்சியம்மாவும் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை என்றால் உயிர். அதற்கு முந்திய வருஷம் வரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே காம்பராவில்தான் இருந்தது. நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. பிறகுதான் வீரய்யாவுக்கு ஸ்டோர் பக்கத்து லயத்தில் தனிக் காம்பரா கிடைத்தது. அவர் ஸ்டோரில் தேயிலை சலிக்கிற அறையில் வேலை. அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றாலே எனக்கு மூச்சு அடைக்கும், அவ்வளவு தூள். அவருக்கு ஓயாத இருமல். பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் இருமிக்கொள்வார். ஸ்டோர்க்காரன் இருமாமல் வேறு யார் இருமுவது என்று தோட்டத்தில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"நீ ஒண்ணும் கவலப்படாத தாயி. நீ நல்லாகி வர்ற வரைக்கும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறோம்" என்றார் வீரய்யா. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை.

வடிவு பிள்ளையைக் கொடுக்கவில்லை. பேச்சியம்மாதான் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். வடிவு கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று அவர்கள் வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்தாள், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். மார் கட்டிக் கல்லாகி இருக்கும், துணி வைத்து இறுக்கிக் கட்டிவிடலாம் என்று போனேன். லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கான் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தாள்.

"கட்டிப்போட்டா வத்திரும்டி. எதுக்கு இந்தப் பாடு?"

"வத்தக் கூடாதுங்க" என்றாள் திரும்பாமலே. "நாளைக்கே ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்கன்னா? புள்ள வந்து வாய வைக்கும். என்னா இருக்கும் அதுக்கு?"

அவளைத் திட்டிவிட்டுத்தான் வந்தேன், கான் ஈரத்தில் உட்காராதே என்று. வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

தினமும் விடியலில் எழுந்து பீய்ச்சி விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோர் லயத்துக்குப் போவாள். பேச்சியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் நின்று காட்டுவாள், வடிவு கீழே பாதையில் நின்று பார்ப்பாள். டின் பாலில் பிள்ளை கன்னம் வைத்துக் கொழுகொழுவென்று இருந்தது. "பாருங்களேன், எம்புட்டுச் செவப்பா இருக்கா" என்று என்னிடம் வந்து பெருமையாகச் சொல்லுவாள். சொல்லிவிட்டு அழுவாள்.

நுவரெலியாவில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கழுத்தில் மரக்க ஊசி போட்டு ஒரு துண்டை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வரும் என்றார்கள். சிவராத்திரி வந்தது, மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறியது, பதில் வரவில்லை. சித்திரை பிறந்த பிறகுதான் வரச் சொல்லி ஆள் வந்தது. அழகுமுத்துவுக்கு அன்றைக்கு வேலையை விட முடியவில்லை, நான் கூடப் போனேன். பஸ்ஸில் அவள் வெற்றிலையைக் கூட வேண்டாம் என்றுவிட்டாள்.

டாக்டர் சிங்களவர், நடுவயது, நிதானமான ஆள். கேட்பதைச் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்லுவேன், அவள் சொல்வதை அவருக்குச் சொல்லுவேன்.

"கழுத்துல இருக்கறது சயம்தான்னு சொல்றாரு" என்றேன். வேறு எப்படித்தான் சொல்லுவது?

அவள் அழவில்லை. "புள்ள?" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டர் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். நோய் கழுத்துக் கட்டிக்குள் மட்டும்தான், மூச்சில் வராது, இருமலில் வராது, பாலிலும் வராது. கட்டு மட்டும் மூடியே இருக்க வேண்டும். ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக எடுத்தால் குணமாகும். பிள்ளைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் வடிவு சிரித்துவிட்டாள். வாய்விட்டு, வெட்கமே இல்லாமல், அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "நாஞ் சொல்லல? நாஞ் சொல்லல?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாலு இன்னும் இருக்குங்க. அப்பிடியே இருக்கு. சொல்லுங்க அவருகிட்ட!" அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டரும் சிரித்தார்.

பிறகு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டார். "இது தானாக வந்திருக்காது. யாரோ கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?"

"இருமல் யாருக்குங்க இல்ல?" என்றாள் வடிவு, சிரிப்பு இன்னும் போகாத முகத்தோடு. "அடுப்புப் பொகையில எல்லாருந்தான் இருமுவோம்."

"விடாத இருமல்? நீண்ட நாள் இருமல்?"

"எங்க பெரிய மாமாவுக்கு இருக்குங்க. ஸ்டோர்ல தூளு சலிக்கிறாரு. அது தூள் இருமல், நோவு இல்ல. ரெண்டு மூணு வருசமா இருக்கு. நாங்க ஒரே காம்பராவுல இருந்தப்ப ராத்திரி பூரா இருமுவாரு, தூங்கவே..."

அங்கே நின்றாள். பாதி வாக்கியத்தில். நான் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்து நானும் நின்றேன். அந்த இருமலைக் கேட்காத ஆள் தோட்டத்தில் கிடையாது, நானும் கேட்டவள்தான். கட்டி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் எல்லாரும் கட்டிக்குப் பயந்தோம். இருமல் காதுக்குப் பழகிவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்து, "குழந்தை இப்போது எங்கே இருக்கிறது?" என்றார்.

வடிவுக்கு அந்தச் சிங்களம் மொழிபெயர்க்காமலே புரிந்தது. எழுந்து வெளியே ஓடினாள். மருந்தை நான்தான் வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தலவாக்கலை பஸ்ஸில் ஏறி, இறங்கி, மலைப்பாதையில் நடந்து ஸ்டோர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீரய்யாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை. காம்பராவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வா தாயி" என்றார் தாழ்ந்த குரலில். "இப்பதான் கண்ண மூடுனா. என் நெஞ்சுல போட்டாத்தான் தூங்குவேங்கறா, கள்ளி." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி இருமினார். பிள்ளை அவர் நெஞ்சோடு சேர்ந்து குலுங்கியது. விழிக்கவில்லை, அவ்வளவு பழக்கம்.

வடிவு வாசற்படியைத் தாண்டினாள். பேச்சியம்மா குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்தாள். "அடியே, உள்ள வராத! சீக்கு ஒடம்ப வச்சுக்கிட்டு... புள்ளைய நான் குடுக்க மாட்டேன். டாக்டரையா சொல்லியிருக்காரு!"

"தள்ளுக்கா."

"மாட்டேன். கொன்னுருவடி நீ அத!"

எனக்கு வந்ததே கோபம். "அவகிட்ட இருந்து புள்ளைக்கு ஒண்ணும் வராது பேச்சி! பெரிய டாக்டரு படம் புடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாரு. அவளுக்கே அது வந்தது இந்த இருமல்ல இருந்துதானாம்!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டாம், வந்துவிட்டது.

பேச்சியம்மாவுக்கு விளங்கவில்லை. "என்னா ஒளர்றீங்க, அது தூள் இருமல்" என்றாள். வீரய்யாவுக்கு விளங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், வடிவின் கழுத்துக் கட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிள்ளையை மெதுவாக எடுத்துப் பாயில் கிடத்தினார். எழுந்து அடுப்படிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எடுத்துக்க தாயி" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "நான் கிட்ட வரல. எடுத்துக்கிட்டுப் போயிரு."

வடிவு எடுத்துக்கொண்டாள். பிள்ளை விழித்துப் புது முகத்தைப் பார்த்து அழுதது. பேச்சியம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. வடிவு அங்கேயே இஸ்தோப்பில் உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்தாள். பிள்ளை மூன்று தடவை தலையைத் திருப்பிக்கொண்டது. நாலாம் தடவை பிடித்துக்கொண்டது. குடிக்கிற சத்தம் கேட்டதும் நான் போய் முற்றத்தில் நின்றுகொண்டேன், அழுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று.

வீரய்யாவின் சளியில் கிருமி நிறைய இருந்தது. அவரை நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறியில் ஏறும்போதும் துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. அழகுமுத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தான், அவர் உதறிவிட்டார்.

பிள்ளைக்குக் கையில் ஒரு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் வீங்கியிருந்தால் நோய் உடம்புக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம், வீங்காவிட்டால் இல்லை. இதை வடிவுக்கு நான் இரண்டு தடவை விளக்கினேன். அந்த மூன்று நாளும் லயத்தில் யாரும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். கேட்கவே வேண்டியதில்லை. ஊசி குத்திய இடம் சிவந்து தடித்து மேடாக இருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். பிள்ளைக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆனால் இப்போதுதான் நுழைந்திருக்கிறது. தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வார்டில் வைத்து மருந்து தொடங்கலாம். பிறகு தோட்டத்திலேயே ஒரு வருஷத்துக்கு மேல் இருவருக்கும் மருந்து.

நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையை அவளிடமே விட்டிருந்தால் இந்தக் கை இப்படி வீங்கியிருக்காது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஒரு வேதனை இல்லை.

வடிவு கவனமாகக் கேட்டாள். அந்தச் சின்னக் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேத்துக்கும் ஒரே மருந்துங்களா?"

"ஒரே மருந்துதான். அவளுக்குக் கொஞ்சமா."

"ஒரே எடத்துலயா?"

"ஆமாடி. ஒரே கட்டில்ல."

அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"அப்ப இனிமே எங்கள யாரும் பிரிக்க மாட்டாங்க" என்றாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"சந்தோஷமாக இருக்கிறது என்கிறாள்" என்றேன்.